ஹானிபல் எங்கே? இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பயணிகள் விமானங்களும் அருங்காட்சியகங்களும்

செந்தில்வேலன்_இலண்டன்

இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் மூன்றாம் தளத்தில் உள்ள விமானக் கூடத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆல்காக்கும் பிரவுனும் 1919 ஜூன் மாதத்தில் அட்லாண்டிக்கைத் தரையிறங்காமல் கடந்த விக்கர்ஸ் விமி அங்கே நிற்கிறது. ஏமி ஜான்சன் 1930 மே 5 அன்று இலண்டனின் குரோய்டன் விமான நிலையத்திலிருந்து தனியாகக் கிளம்பி 24ஆம் தேதி டார்வினில் கொண்டுபோய் இறக்கிய ஜிப்சி மாத் விமானமும் இருக்கிறது. அடர்பச்சை உடலில் வெள்ளி எழுத்துகளில் 'ஜேசன்' என்று எழுதியிருக்கும். அது அவருடைய தந்தையின் மீன் வணிகத்தில் வழங்கிய வணிகப்பெயர். அருகில் நின்று பார்த்தால் அதன் உடல் ஒரு சிறிய படகை விடப் பெரியதாகத் தோன்றாது. இதில் ஏறியா ஆஸ்திரேலியா வரை போனார் என்ற திகைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

ஆனால் 1919 முதல் 1939 வரையிலான இருபது ஆண்டுகளில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய ஒரு சாதாரணப் பயணி எதில் ஏறினார், எங்கே உட்கார்ந்தார், இரவில் எங்கே தூங்கினார் என்று கேட்டால் அந்தக் கூடம் அதிகம் பேசுவதில்லை. தரைத்தளத்தில் தொங்கும் லாக்ஹீட் எலெக்ட்ரா பயணிகள் விமானம்தான், எனினும் அது 1935ஆம் ஆண்டின் அமெரிக்கத் தயாரிப்பு. அக்காலப் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் முகமாகவே இருந்த ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42 வகையில், தலைப்பில் உள்ள ஹானிபல் உட்பட, எட்டு விமானங்கள் கட்டப்பட்டன. உலகில் எந்த அருங்காட்சியகத்திலும் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. விமியின் கதையும் அதேதான். சாதனை படைத்த இரண்டு விமிகள் பத்திரமாக இருக்கின்றன, ஒன்று இலண்டனில், மற்றது அடிலெய்டில். அதே இறக்கைகளுடன், உருண்டு திரண்ட உடலோடு, பத்துப் பயணிகளை ஏற்றிய விமி கமர்ஷியலோ ஒன்றும் மிஞ்சவில்லை.

அருங்காட்சியகங்கள் வீரர்களின் வானத்தைக் காட்டிவிட்டு, பயணிகளின் வானத்தை மறைத்துவிட்டன என்பது என் கருத்து. மறுப்போ கூடுதல் விவரமோ இருந்தால் எழுதுங்கள்.

பழைய_ஓடுதளம்

மறைத்துவிட்டன என்பது கடுமையான சொல். வைத்துக்கொள்ள ஏதாவது மிஞ்சியிருந்தால்தானே காட்டுவதற்கு?

எச்.பி.42 ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்று பாருங்கள். ஹெங்கிஸ்ட் 1937 மே மாதம் கராச்சியில், ஆர்101 வான்கப்பலுக்காகக் கட்டி அது வந்து சேராமலே போன அந்தப் பிரம்மாண்டமான கொட்டகையில், தீப்பிடித்து எரிந்தது. ஹன்னோவும் ஹெராக்ளிஸும் 1940 மார்ச்சில் விட்சர்ச் விமான நிலையத்தில் அடித்த புயலில் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. ஹெலீனாவைப் பிரித்துப்போட்டபோது அதன் முன்பகுதி கடற்படையினருக்கு அலுவலக அறையாகப் பயன்பட்டதாம். ஹேட்ரியனையும் காற்றே கொண்டுபோயிற்று. இறக்கையின் அகலம் 130 அடி, அதுவும் துணி போர்த்திய இரட்டை அடுக்கு இறக்கை. வெளியே நிறுத்தினால் மழையும் காற்றும் விடாது, உள்ளே நிறுத்த அந்த அளவுக்குக் கொட்டகை வேண்டும். போர்க்காலத்தில் அலுமினியத்திற்கும் இடத்திற்கும் தட்டுப்பாடு இருந்தபோது, மணிக்கு 160 கிலோமீட்டர் போகும் பழைய வண்டியை வரலாற்றுக்காக யார் பாதுகாத்திருப்பார்கள்?

ஜேசன் தப்பியதற்குக் காரணம் அது புகழ்பெற்றது என்பது மட்டுமல்ல, சிறியது என்பதும்தான். இறக்கையை மடித்து ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

மலர்விழி_மியூனிக்

இரு நண்பர்களுமே பிரிட்டனை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தில் ஜங்கர்ஸ் எஃப்13 இருக்கிறது. அது எந்தச் சாதனைக்காகவும் அங்கே வைக்கப்படவில்லை. பயணிகளை ஏற்றுவதற்கென்றே தொடக்கம் முதல் வரையப்பட்ட, முழுவதும் உலோகத்தாலான முதல் விமானம் என்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

அது முதன்முதலில் பறந்தது 1919 ஜூன் 25. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது ஜூன் 28. போர் முடிந்த மற்ற நாடுகளில் குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றைக் குடைந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, ஹூகோ ஜங்கர்ஸின் ஆட்கள் கீழிறக்கை ஒன்றை மட்டும் வைத்து, வெளியே தாங்குகம்பி எதுவுமின்றி, நெளிநெளியான டுராலுமின் தகட்டைப் போர்த்தி இதைக் கட்டினார்கள். தகட்டை நெளித்ததற்குக் காரணம் அழகன்று. மெல்லிய தகடு வளையாமல் நிற்க வேண்டும் என்பதே. அதற்கு விலையும் உண்டு, காற்றின் இழுவை கூடிவிடும்.

என்னைக் கவர்ந்தது அறையின் அமைப்பு. பயணிகள் நான்கு பேருக்கு மெத்தையிட்ட இருக்கை, இடைவார், சன்னல், மூடிய கதவு. விமானிகளுக்கோ முன்னால் தனி இடம், அதுவும் தொடக்கக்கால வடிவங்களில் தலைக்கு மேல் கூரையற்றது. காற்று முகத்தில் அடித்தால்தான் விமானத்தின் போக்கு தெரியும் என்று அக்கால விமானிகள் பலர் நம்பினார்கள். காசு கொடுத்தவர் காருக்குள் உட்கார்ந்திருப்பது போலப் போக, ஓட்டுநர் மழையில் நனைந்துகொண்டு போனார். சீட்டு வாங்கிய பயணிதான் இங்கே முதலாளி என்பதை எந்த விளக்கப்பலகையும் இல்லாமலே இந்த ஒரு காட்சிப்பொருள் சொல்லிவிடுகிறது. 300க்கும் மேல் கட்டப்பட்ட இந்த வகையில் மியூனிக், பாரிஸ், ஸ்டாக்ஹோம், புடாபெஸ்ட் என்று சில ஊர்களில்தான் எஞ்சியிருக்கின்றன என்பதும் உண்மை. உலோகம் என்பதால் இவ்வளவாவது தப்பியது.

மாறன்_ஷார்ஜா

விமானம் இல்லாவிட்டால் என்ன, விமானம் வந்து நின்ற இடம் இருக்கிறது. நான் வசிக்கும் ஷார்ஜாவில் அல் மஹத்தா அருங்காட்சியகத்தை இங்குள்ள தமிழர்களில் பலர் பேருந்திலிருந்து பார்த்திருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். அதன் முன்னால் போகும் மன்னர் அப்துல் அஜீஸ் சாலைதான் பழைய ஓடுதளம்.

அது ஏன் அங்கே வந்தது என்பதிலேயே அக்கால விமானப் போக்குவரத்தின் பாதிக் கதை இருக்கிறது. இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் 30 அன்று இலண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியது. கட்டணம் 130 பவுண்டு, பயணம் ஏழு நாள். குரோய்டனிலிருந்து பாசல் வரை விமானம். அங்கிருந்து ஜெனோவா வரை இரயில். பிறகு பறக்கும் படகில் அலெக்சாண்டிரியா. அப்புறம் மறுபடி விமானத்தில் பாலைவனத்தின் மேல். அதற்குப் பிறகு பாரசீகக் கரையோரமாகப் போவதற்குக் கிடைத்திருந்த அனுமதியைப் பாரசீக அரசு நீட்டிக்க மறுத்தது. வளைகுடாவின் தென்கரைக்கு மாற வேண்டிய நிலை வந்தது. ஷேக் சுல்தான் பின் சக்ரோடு 1932இல் உடன்படிக்கை செய்து இடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வாடகை இந்திய ரூபாயில் கணக்கிடப்பட்டது, ஏனென்றால் அப்போது இங்கே புழங்கிய பணமே அதுதான். அக்டோபர் மாதத்தில் எச்.பி.42 வகையைச் சேர்ந்த ஹன்னோ வந்து இறங்கிற்று.

பயணிகள் தங்குவதற்குக் கட்டிய இல்லம் கோட்டை வடிவில் இருக்கிறது. அலங்காரத்திற்காக அப்படிக் கட்டவில்லை; பாதுகாப்பு குறித்த அச்சம் உண்மையாகவே இருந்தது, காவலர்களை ஷேக்கே கொடுத்தார். இருட்டிய பிறகு பறக்கும் வழக்கம் அந்தத் தடத்தில் கிடையாது. ஆகவே மாலையில் இறங்கியவர்கள் இரவு உணவு உண்டு, படுத்து, விடியலில் கிளம்பினார்கள். அந்த அறைகளுக்குள் நின்று பார்த்தால், இலண்டனுக்கும் கராச்சிக்கும் நடுவில் இருந்தது வானம் மட்டுமன்று, இப்படிப்பட்ட படுக்கையறைகளின் வரிசை என்பது விளங்கும்.

குறை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கொட்டகையில் நிற்கும் விமானங்கள் கோட்டையின் காலத்தவை அல்ல. டிசி3, ஆன்சன், டவ் என்று கல்ஃப் ஏவியேஷன் காலத்தின் நினைவாக நிற்பவை. அந்த நிறுவனமே 1950இல்தான் பிறந்தது. கட்டடம் ஒரு தலைமுறை, விமானங்கள் அடுத்த தலைமுறை.

காவிரிக்கரை_அரசு

மாறன் அவர்களின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இழையின் தலைப்பில் உள்ள ஹானிபல் வந்து சேர வேண்டிய இடம் அதே ஷார்ஜாதான். 1940 மார்ச் 1 அன்று ஜாஸ்க்கிலிருந்து ஷார்ஜாவை நோக்கிக் கிளம்பிய அந்த எச்.பி.42, ஓமான் வளைகுடாவின் மேல் காணாமற்போனது. அதில் இருந்தவர்கள் எட்டுப் பேர். விமானத்தின் உடைசலும் கிடைக்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். தஞ்சை மாவட்டத்துச் செல்வபுரத்தில் பிறந்தவர். நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அமைச்சராக இருந்தவர். இந்தியக் கிறித்தவர்களின் சார்பில் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர். 1938இன் கட்டாய இந்தி எதிர்ப்பில் பெரியாரோடு நின்றவர். இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கு ஆலோசகராக நியமனம் பெற்று, அந்தப் பொறுப்பை ஏற்க இலண்டனுக்குப் போகும் வழியில்தான் இது நடந்தது. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் தினமும் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் எந்த விமானத்தில் போனார் என்று கேட்டால் பதில் சொல்பவர் அரிது.

எச்.பி.42 விமானங்கள் அமைதிக் காலப் பயணிகள் சேவையில் ஓர் உயிரையும் பலி கொள்ளவில்லை என்று அவற்றின் பாதுகாப்பைப் பற்றிப் பெருமையாக எழுதுவது வழக்கம். அது சரியான செய்திதான். ஆனால் அந்தப் புத்தகங்களில் 1940க்கு வந்ததும் 'ஹானிபல் எட்டுப் பேருடன் தொலைந்தது' என்று ஒரே வரியோடு நகர்ந்துவிடுவார்கள். நம் பக்கத்து அரசியல் வரலாற்று நூல்களிலோ 'விமான விபத்தில் மறைந்தார்' என்று அரை வரி. இரண்டையும் சேர்த்து வைக்கும் ஒரு கண்ணாடிப் பேழை சென்னையிலோ திருச்சியிலோ இருக்கலாம். நீதிக்கட்சி பற்றிய கண்காட்சிகளில் அந்த விமானத்தின் படத்தையாவது வைக்கலாமே.

தென்சிலுவை_மெல்பர்ன்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் சாதனை விமானங்களை வேண்டாத விருந்தாளி போலப் பேசுகிறீர்கள். அவற்றின் சார்பாகச் சொல்ல எனக்கு இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது அடிலெய்டு விமி. இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு என்று அரசு அறிவித்த பரிசை வெல்ல, ராஸ் ஸ்மித்தும் கீத் ஸ்மித்தும் இரண்டு இயந்திரப் பணியாளர்களோடு 1919 நவம்பர் 12 அன்று கிளம்பி டிசம்பர் 10 அன்று டார்வின் வந்தார்கள். சுராபாயாவில் சக்கரம் சேற்றில் புதைந்தபோது ஊர்மக்கள் தங்கள் வீட்டு மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்து ஓடுதளம் அமைத்துக் கொடுத்தார்கள். இது வெறும் வீரக்கதை என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் போட்டியாளர்கள் வந்து இறங்குவதற்கு வடக்கே நிலம் பார்த்து வைக்கும் வேலை ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கின்னஸ் என்ற இருவரிடம் கொடுக்கப்பட்டது. சாலையே இல்லாத நாட்டில் ஃபோர்டு காரை ஓட்டிக்கொண்டு போய் அந்த வேலையை முடித்தபோதுதான், இங்கே பயணத்திற்கு விமானத்தை விட்டால் வழியில்லை என்று அவர்களுக்குத் தோன்றிற்று. 1920 நவம்பரில் அவர்கள் தொடங்கியதுதான் குவாண்டாஸ். லாங்ரீச் ஊரில் அந்த நிறுவனத்தின் ஆதிக்காலக் கொட்டகை அருங்காட்சியகத்தின் பகுதியாக இன்றும் நிற்கிறது. அடிலெய்டில் ஒரு கண், லாங்ரீச்சில் ஒரு கண் வைத்துப் பார்க்க வேண்டிய வரலாறு இது.

இரண்டாவது, 1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்பர்ன் வரை நடந்த போட்டி. முதலில் வந்தது டி ஹாவிலண்ட் காமெட், 71 மணி நேரத்தில். போட்டிக்கென்றே செய்த, இருவர் மட்டும் அமரும் விமானம். இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. இரண்டாவதாக வந்தது கேஎல்எம் நிறுவனத்தின் டிசி2, பெயர் 'யூவர்'. மூன்று பயணிகளையும் அஞ்சல் மூட்டைகளையும் சுமந்துகொண்டு 90 மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் இடிமழையில் வழி தவறியபோது ஆல்பரி நகரத்தார் தெருவிளக்குகளை அணைத்து ஏற்றி மோர்ஸ் முறையில் ஊர்ப் பெயரைக் காட்டினார்கள். குதிரைப் பந்தயத் திடலில் கார்களை வரிசையாக நிறுத்தி முகப்பு விளக்கு வெளிச்சத்தில் இறங்கச் செய்தார்கள். பயணிகள் விமானம் இத்தனை வேகமாக வரக்கூடும் என்று உலகம் உணர்ந்தது பந்தயத்தினால்தான்.

செந்தில்வேலன்_இலண்டன்

மெல்பர்ன் நண்பரின் முதல் செய்தியை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. பரிசுப் போட்டிக்கும் குவாண்டாஸுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. ஆனால் யூவரின் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். பந்தயம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1934 டிசம்பர் 20 அன்று, பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்துமஸ் அஞ்சலைக் கொண்டுபோகும் வழியில், ஈராக்கின் ருத்பா கிணறுகளுக்கு அருகே அது விழுந்து எரிந்தது. இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இன்று நெதர்லாந்தின் லெலிஸ்டாடிலும் ஆல்பரியிலும் காட்டப்படுபவை வேறு டிசி2 விமானங்கள். காமெட் அசலாகவே இருக்கிறது. நான் சொல்ல வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? காமெட் பந்தயத்திற்காகவே பிறந்தது, பயணிகள் சேவைக்குப் போகவில்லை. யூவர் மறுபடி வேலைக்குப் போனது, வேலையில் அழிந்தது.

பாரிஸ்_நெடுஞ்செழியன்

பாரிஸ் அருகே உள்ள லெ புர்ஜே அருங்காட்சியகத்தில் ஃபார்மன் கோலியாத்தின் உடற்பகுதி ஒன்று இருக்கிறது; இறக்கை இல்லை. குண்டுவீச்சுக்காக வரைந்து, போர் முடிந்துவிட்டதால் பயணிகளுக்கு மாறியது. மூக்கிலேயே சன்னல்களோடு ஓர் அறை உண்டு, அதில் உட்காருகிறவர் விமானிக்கும் முன்னால் போவார். இப்படிப்பட்ட ஒரு கோலியாத்தும் இலண்டனிலிருந்து அஞ்சலோடு வந்த டி ஹாவிலண்ட் டிஎச்18 விமானமும் 1922 ஏப்ரல் 7 அன்று பிக்கார்டியில் மூடுபனியில் நேருக்கு நேர் மோதின. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளும் கீழே தெரிந்த ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக வந்திருக்கிறார்கள்! சாலைக்கு உள்ளது போல வானத்திலும் வலப்பக்கம் ஒதுங்கிப் போகும் விதி வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இறக்கையற்ற அந்த உடலைக் கவனிக்காமல் கடந்து போகிறவர்களே அதிகம். பக்கத்திலேயே, கோஸ்ட்டும் பெல்லோந்தும் 1930இல் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு ஓட்டிச் சென்ற சிவப்பு பிரெகே இருக்கும்போது யார் நிற்பார்கள்?

பழைய_ஓடுதளம்

பிக்கார்டி மோதலுக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதைக் குரோய்டனில் பார்க்கலாம். 1928இல் திறந்த முனையக் கட்டடம் இன்றும் நிற்கிறது, அதன் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய காட்சியகம் இருக்கிறது. வாசலில் தூண்களின் மேல் நிற்பது டி ஹாவிலண்ட் ஹெரான். 1959 செப்டம்பர் 30 அன்று கிளம்பிய கடைசிச் சேவையின் நினைவாக நிற்பது. ஷார்ஜாவின் கதைதான் இங்கேயும், கட்டடத்திற்கும் விமானத்திற்கும் ஒரு தலைமுறை இடைவெளி.

மேகத்துக்குள் மாட்டிய விமானி 'நான் எங்கே இருக்கிறேன்' என்று ரேடியோவில் கேட்பார். அவருடைய குரல் வரும் திசையைக் குரோய்டன், லிம்ப், புல்ஹாம் ஆகிய மூன்று நிலையங்களும் தனித்தனியாக அளக்கும். குரோய்டன் கோபுரத்தில் விரித்த வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒரு நூலை அந்தத் திசையில் இழுத்துப் பிடிப்பார்கள். நூல்கள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விமானம். பதில் ஓரிரு நிமிடத்தில் விமானிக்குப் போய்விடும். சாலையைப் பார்த்துப் பறந்த காலம் இந்த நூல்களால்தான் முடிவுக்கு வந்தது. கீழே கூடத்தில், பெட்டியோடு பயணியையும் எடைபோட்டு அனுப்பினார்கள். விமானம் தூக்கும் சுமையில் ஒரு பருத்த வணிகரும் கணக்குத்தான். இவற்றைக் காட்ட 130 அடி இறக்கை தேவையில்லை, ஒரு மேசை போதும். ஆகவே அசல் விமானம் இல்லை என்று புலம்புவதைவிட, இருக்கும் கட்டடங்களுக்குள் அந்த வேலையை நடத்திக்காட்டுவது மேல்.

மலர்விழி_மியூனிக்

நடத்திக்காட்டுவதற்கு நல்ல முன்மாதிரி ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்ஷாஃபன் நகரில் உள்ள செப்பலின் அருங்காட்சியகம். 245 மீட்டர் நீளமுள்ள ஹிண்டன்பர்க் வான்கப்பலின் 33 மீட்டர் பகுதியை மட்டும் முழு அளவில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஏணிப்படி ஏறி உள்ளே போனால், பெரிய சன்னல்களோடு கூடிய உலாவிடமும், அலுமினியக் குழாய் நாற்காலிகளும், இரயில் பெட்டியைப் போன்ற இரட்டைப் படுக்கை அறைகளும் வரும். 400 டாலர் கொடுத்து அட்லாண்டிக்கைக் கடந்தவருக்குக் கிடைத்த தூங்குமிடம் எவ்வளவு சிறியது என்பதை எந்தப் புகைப்படமும் இப்படிச் சொல்லாது. ஆனால் அது நகல்தான், அப்படித்தான் அறிவிக்கிறார்கள்.

மாறன்_ஷார்ஜா

நகல் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. எல்லாம் பளபளவென்று இருப்பதால், வெப்பமும் இரைச்சலும் பெட்ரோல் வாடையும் வாந்தியும் போய்விடுகின்றன. எச்.பி.42இன் உடலில் என்ஜின்களுக்கு நேரான நடுப்பகுதியில் இரைச்சல் தாங்க முடியாது என்பதற்காகக் கழிப்பறையையும் சாமானறையையும் அங்கே வைத்தார்கள். நகலில் அந்த இரைச்சலையும் சேர்ப்பார்களா?

வாஷிங்டன்_கயல்

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சாதனையா சேவையா என்ற வழக்குக்கு இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும் விமானம் ஒன்று இங்கே ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தில் உண்டு: போயிங் 247டி. மெல்பர்ன் நண்பர் சொன்ன அதே 1934 போட்டியில் ராஸ்கோ டர்னர் ஓட்டி, காமெட்டுக்கும் யூவருக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தது. போட்டிக்குப் பிறகு இருக்கைகளைத் திரும்பப் போட்டு யுனைடெட் நிறுவனத்தின் பயணிகள் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதன் ஒரு பக்கத்தில் பந்தயக் காலத்துப் பதிவெண்ணும், மறுபக்கத்தில் யுனைடெட் காலத்துப் பதிவெண்ணும் எழுதியிருக்கிறது. எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தக் கதை.

அந்த வகை விமானத்தில் இறக்கையின் முதுகெலும்பான உத்திரம் பயணிகள் நடைபாதைக்குக் குறுக்கே போகும். அதற்கு முன்னால் உள்ள இருக்கைகளுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். டக்ளஸ் நிறுவனம் டிசி வரிசையில் உத்திரத்தைத் தரைக்குக் கீழே கொண்டுபோயிற்று, விமானக் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன.

காவிரிக்கரை_அரசு

இந்தியக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். ஜே. ஆர். டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹூவுக்கு அஞ்சலை ஓட்டி வந்தது பஸ் மாத் விமானத்தில். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஐம்பதாம் ஆண்டில், 1982இல், 78 வயதான டாடா அதே தடத்தில் மறுபடி பறந்தபோது ஓட்டியது லெப்பர்ட் மாத், அதாவது அடுத்த வகை. பம்பாய் வரையிலான பகுதிதான் அப்போதும் கொண்டாடப்பட்டது. பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்த மிச்சத் தடத்தின் அஞ்சல் உறைகள் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. முத்திரையைப் பார்த்தால் எந்த ஊரில் எந்த நாளில் இறங்கின என்று தெரியும். இந்த இழையில் அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் யாராவது இருந்தால், 1932–39 சென்னை விமான அஞ்சல் உறைகளின் படங்களை இங்கே பகிருங்கள். செந்தில்வேலன் கேட்ட பயணிகளின் வானத்திற்கு நம் பக்கத்தில் உள்ள சான்று முதலில் அவற்றிலிருந்துதான் தொடங்க முடியும்.